ஆறாம் தொட்டியில் எத்தனை மீன்

ஆறாம் தொட்டியில் கூடுதலாக மீன் இருக்கிறது என்று பெரியவள் முடிவு கட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அதற்காக அவள் மீனை எண்ணிப் பார்க்கவில்லை. வாலைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு தொட்டியிலும் கைவலையை விட்டுப் பத்து மீனை அள்ளுவாள். ஈரத்துணியில் கிடத்தி, செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், வயிற்றைத் தடவுவாள், வாலை விரித்துப் பார்ப்பாள். அன்று மற்ற ஏழு தொட்டித் திலாப்பியா மீன்களும் கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர்கள் மாதிரி பளபளவென்று இருந்தன. ஆறாம் தொட்டியில் அள்ளிய பத்தில் ஆறுக்கு வால் ஓரம் பிய்ந்து தொங்கியது. ஒன்றுக்கு விலாவில் செதில் உதிர்ந்து வெள்ளைத் தழும்பு. கடி. வேறெதுவும் இல்லை, கடியேதான்.

மீன் எப்போது கடித்துக்கொள்ளும் என்று பெரியவளுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். நெரிசலில்தான். மீன் வளர்க்கிறவர்களுக்கென்று நடந்த மூன்று நாள் பயிற்சியில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் தூங்காமல் கேட்ட ஒரே ஆள் அவள். நெரிசல் கூடினால் தண்ணீரில் காற்று குறையும், கழிவு ஏறும், செவுள் வெந்துபோகும், துடுப்பு அழுகும், ஒன்றை ஒன்று உரசிப் புண்ணாகும். அதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். மனப்பாடத்தை விடுங்கள், கண்ணாலேயே பார்த்தவள். மீன் ஷெட் தொடங்கிய முதல் வருஷம், "இன்னும் கொஞ்சம் விடலாம்க்கா, எடந்தான் இருக்கே" என்று ஓரகத்தி சின்னவள் சொன்ன பேச்சைக் கேட்டு மூன்றாம் தொட்டியில் அளவில்லாமல் குஞ்சு விட்டார்கள். வளர்ந்தபிறகு ஒரு நாள் விடிகாலையில் தொட்டி முழுக்க வாய்களாக இருந்தது. அத்தனை மீனும் மேலே வந்து காற்றுக்கு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மத்தியானத்துக்குள் சாக்குச் சாக்காகத் தூக்கிப் புதைத்தார்கள். அதற்கப்புறம் தண்ணீருக்கு மேலே ஒரு மீன் வாய் தெரிந்தாலும் பெரியவள் காற்றுக் குழாயைத் தேடி ஓடுவாள்.

இங்கேதான் விஷயம் இடித்தது. ஒவ்வொரு தொட்டியின் முன்னாலும் ஒரு கறுப்புப் பலகை தொங்கும். எத்தனை மீன், எந்தத் தேதியில் விட்டது என்று சாக்பீஸில் சின்னவள் எழுதியிருப்பாள். எல்லாத் தொட்டியும் ஒரே அளவு. மற்றதில் எல்லாம் மூவாயிரம். ஆறாம் தொட்டிக்கு மட்டும் குஞ்சு போதாமல் ஆயிரத்து இருநூறுதான் விட்டதாகப் பலகை சொன்னது. ஷெட்டிலேயே காலியான தொட்டி அது. காலியான தொட்டியில் கடி வராது. கடி வந்திருக்கிறது. ஆகவே தொட்டி காலியாக இல்லை, பலகை பொய் சொல்கிறது. பெரியவளின் தர்க்கம் இதுதான். நீங்களோ நானோ அந்த இடத்தில் இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்போம், இதில் அவளைக் கேலி செய்ய எதுவும் இல்லை.

பலகையில் எழுதுகிற கை சின்னவளுடையது. குஞ்சு வாங்குவதும் விடுவதும் தீவனம் போடுவதும் விற்பதும் அவள் பொறுப்பு. தண்ணீர், மருந்து, நோய் எல்லாம் பெரியவள் பொறுப்பு. அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்ட ஓரகத்திகள் ஒரே கூரையின் கீழ் எட்டுத் தொட்டியை ஐந்து வருஷமாகச் சண்டையில்லாமல் நடத்துகிறார்கள் என்றால் தெருவில் யாரும் நம்புவதில்லை. உள்ளே ஏதாவது புகையும் என்று எட்டிப் பார்த்துவிட்டு ஏமாந்து போவார்கள். உண்மையில் இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்கும். பெரியவளின் முகம் சுண்டியிருந்தால், "என்னக்கா, மோட்டார் ஓடுதா நின்னுடுச்சா?" என்று கேட்டே சிரிக்கவைத்துவிடுவாள் சின்னவள்.

ஆனால் சின்னவளுக்கு ஒரு பழைய கதை இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் குஞ்சுப் பண்ணை ஒன்றில் எண்ணிக் கொடுக்கிற வேலையில் இருந்தாள். அங்கே குஞ்சை ஒவ்வொன்றாக எண்ண மாட்டார்கள். ஒரு கோப்பைக்கு எத்தனை பிடிக்கிறது என்று ஒருமுறை எண்ணிவிட்டு, அப்புறம் கோப்பைக் கணக்குதான். வாங்க வந்தவர் முகத்தைப் பார்த்துக் கடைசியில் ஒரு கை கொசுறும் உண்டு. ஒரு வாரம் கணக்கில் ஏகப்பட்ட குஞ்சு அதிகமாகப் போயிருந்தது. தெரிந்தவர்களுக்கு அள்ளிக் கொடுக்கிறாள் என்று சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வாரத்துக் குஞ்சு பொடிசு, அதே கோப்பையில் அதிகம் பிடித்துவிட்டது என்று அவள் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டது ஒரே ஆள். பண்ணைக்கு மோட்டார் பழுது பார்க்க வந்துபோய்க்கொண்டிருந்த இந்த வீட்டு இளையவன், "அவ இல்லைன்னா இல்லைதான்" என்று வீட்டில் வந்து சொல்லி அவளைக் கட்டிக்கொண்டான். இந்த வீட்டில் சின்னவளுக்கென்று இருந்தது அந்த ஒன்றுதான். அவள் சொன்னால் அவள் புருஷன் மறுபேச்சில்லாமல் நம்புவான்.

பெரியவளும் அந்தக் கதையை இத்தனை வருஷமாக நம்பித்தான் இருந்தாள். இப்போது ஆறாம் தொட்டியின் ஓரத்தில் நின்றபோது, கோப்பையாவது பொடிசாவது, இவளுக்குக் கையே அப்படி என்று தோன்றியது. கொசுறு போட்டுப் பழகின கை. தோன்றியபிறகு நிறுத்த முடியவில்லை.

அப்புறம் பார்த்ததெல்லாம் சாட்சியாகிவிட்டது. குஞ்சுகள் காற்றடைத்த பெரிய பிளாஸ்டிக் பைகளில் வரும். அப்படி இரண்டு புதுப் பைகள் தீவன அறையில் மடித்துவைக்கப்பட்டிருந்தன. புதுக் குஞ்சு வாங்கி மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது, அப்புறம் பை எங்கிருந்து வந்தது?

"இதென்ன பை?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"தீவன டிரம்முல ஈரம் ஏறுதுக்கா. உள்ள போட்டா நல்லாருக்கும்னு குஞ்சு தர்ற பண்ணைக்காரர்கிட்ட சும்மா கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

"பைய மட்டுமா வாங்கின?"

"பின்ன? பண்ணைக்காரரையும் சேத்தா வாங்கிட்டு வர முடியும்? அவர் சம்சாரம் சும்மா விடுவாங்களா?" என்று சின்னவள் சிரித்தாள்.

பெரியவளும் சிரித்தாள். வெளியே வந்ததும், எதைக் கேட்டாலும் சிரித்து மழுப்புகிறாள் என்று மனசில் குறித்துக்கொண்டாள். நேரடியாகக் கேட்டிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் சந்தேகப்படுகிறவர்களுக்குக் கேள்வி கேட்பதைவிட வேவு பார்ப்பதில்தான் ருசி. நம் பெரியவளும் அதற்கு விலக்கில்லை.

சின்னவள் மத்தியானம் மீன் பெட்டிகளோடு சந்தைக்குப் போய்வர இரண்டு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் பெரியவள் தன் வைத்தியத்தைத் தொடங்கினாள். ஷெட்டுக்குப் பின்னால் பழைய சிமெண்ட் தொட்டி ஒன்று கிடந்தது. பெரிய தொட்டியில் எட்டில் ஒரு பங்குகூட இருக்காது. உடைந்த குழாய்களும் கிழிந்த வலைகளும் போட்டு வைத்திருந்த அதைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, காற்றுக் குழாய் ஒன்றை இழுத்துவிட்டு, மேலே நிழல் வலையைப் போர்த்தினாள். ஆறாம் தொட்டியிலிருந்து இருநூறு மீனை எண்ணி எடுத்துவந்து அதில் விட்டாள். நெரிசல் குறைந்தால் கடி குறையும். குறைந்தால் சந்தேகம் உறுதி. பலகையில் ஒன்றும் மாற்றவில்லை, யாரிடமும் மூச்சுவிடவில்லை.

பத்து நாள் கழித்து அள்ளிய பத்தில் எட்டுக்குக் கடி.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருநூறு எடுத்தும் கடி கூடியிருக்கிறதென்றால், எடுத்த இடத்தில் இவள் கொண்டுவந்து நிரப்புகிறாள்! இன்னும் நூற்றைம்பது எடுத்தாள். அடுத்த வாரம் கடிபட்டுச் செத்து மிதந்தவை நாலு. மறுபடி நூற்றைம்பது எடுத்தாள். அதற்கடுத்த வாரம் ஒரு மீனுக்குக் கண்ணே போயிருந்தது. எடுக்க எடுக்க ஏறுகிறது. பெரியவள் ஷெட்டுக்கு விடியும் முன்பே வரத் தொடங்கினாள், சின்னவள் கிளம்பியபிறகே வீட்டுக்குப் போனாள். கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் சின்னவள் மீன் விடுவதைக் காணவில்லை. காணவில்லை என்றதும் சந்தேகம் குறைய வேண்டும்தானே? இன்னும் கூடியது. எவ்வளவு சாமர்த்தியமாகச் செய்கிறாள் பார் என்று தோன்றியது.

சின்னவளிடமும் ஏதோ மாறியிருந்தது. ஆறாம் தொட்டிக்குத் தீவனம் போடும்போது தண்ணீரையே வெகுநேரம் பார்த்தபடி நின்றாள். பெரியவள் வந்தால் சட்டென்று நகர்ந்துகொண்டாள். ஒருநாள் சாயங்காலம் ஷெட்டுக்குப் பின்னாலிருந்து கையைத் துடைத்தபடி வந்தவள், "சும்மாதான்க்கா, காத்து வாங்கினேன்" என்றாள். யாரும் எதுவும் கேட்காமலே சொன்னாள். பெரியவளைக் கிண்டல் செய்வதும் நின்றுபோயிருந்தது.

ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது பெரியவள் வாயைவிட்டுவிட்டாள். அவள் புருஷன் பஸ் கண்டக்டர். நாள் முழுக்கச் சத்தமாகப் பேசுவதையே வேலையாக வைத்திருக்கும் மனுஷனிடம் ரகசியம் சொன்னது அவள் புத்திக்குறைவு.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. சின்னவ ஆறாம் தொட்டியில திருட்டுத்தனமா மீன் விடறா. பழைய புத்தி போகல."

"சேச்சே, அவ அப்படியெல்லாம் செய்ய மாட்டா. எதுக்கு விடணும்?"

"எதுக்கோ. நிறைய வளத்துக் காட்டணும்னு இருக்கும். தொட்டி போச்சுன்னா பழி யாருக்கு? நோய் பாக்குற எனக்குத்தானே?"

கண்டக்டர் யாரிடமும் சொல்லவில்லை, தம்பியிடம் மட்டும் சொன்னார். தம்பியை அவர் 'யாரோ' கணக்கில் சேர்ப்பதில்லை. அதுவும் கெட்ட எண்ணத்தில் இல்லை, "கொஞ்சம் விசாரிச்சுப் பாருடா" என்றுதான் சொன்னாராம்.

மறுநாள் காலையில் சின்னவள் நேரே பெரியவள் முன்னால் வந்து நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"ஆறாம் தொட்டியில நான் மீன் விடறேன்னு சொன்னீங்களாக்கா?"

பெரியவளுக்குப் பின்வாங்க மனசு வரவில்லை. ஒரு மாசமாக வளர்த்த சந்தேகம், சும்மாவா விட்டுக்கொடுக்கும்?

"கடி ஏறிக்கிட்டே போகுதே. நெரிசல் இல்லாம எப்படி கடிக்கும்? நீயே சொல்லு."

"அவர் நேத்து என்கிட்ட கேட்டார். 'நீ விட்டியா'ன்னு கேட்டார்க்கா. கல்யாணமான நாள்லேருந்து அவர் என்கிட்ட அந்த மாதிரி ஒண்ணு கேட்டதில்ல."

"நீ என்ன சொன்ன?"

"இல்லைன்னேன். எண்ணிப் பாத்துடலாம்க்கா. இன்னிக்கே. மீன் டாக்டரையும் கூப்பிடுங்க, அவர் முன்னாடியே எண்ணலாம். ஒரு மீன் கூட இருந்தாலும் நான் இந்தப் பக்கமே வரல."

மீன் டாக்டருக்கு அந்த வட்டாரத்தில் ஈர டாக்டர் என்று பெயர். எந்நேரமும் ஏதாவது ஒரு தொட்டியில் இறங்கி ஏறுவதால் அவர் பேன்ட் முழங்காலுக்குக் கீழே காய்ந்து யாரும் பார்த்ததில்லை. பத்தரை மணிக்கு வந்தார். தொட்டித் தண்ணீரை முழங்காலளவுக்கு இறக்கினார்கள். இரண்டு பெண்களும் வலையின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓரத்திலிருந்து தள்ளிவந்தார்கள். ஐந்து வருஷமாகச் சேர்ந்து இழுத்த வலை, அதனால் பேச்சில்லாமலே கால்கள் ஒன்றாக நடந்தன. பெரியவள் அதைக் கவனித்தாள். உதறிவிட்டு எண்ணத் தொடங்கினாள்.

கைவலையில் அள்ளி, ஐந்தைந்தாக எண்ணி, பக்கத்துத் தொட்டியில் தடுத்துக் கட்டிய வலைக்குள் விட்டார்கள். நூறு ஆனதும் டாக்டர் பலகையின் பின்பக்கம் ஒரு கோடு போட்டார். சின்னவளுக்கு ஆயிரத்து இருநூறு கணக்கு. பெரியவள் மனசில் மட்டும் வேறொரு கணக்கு ஓடியது. தான் எடுத்தது ஐந்நூறு. மிச்சம் எழுநூறு. எழுநூறுக்கு மேலே ஒரே ஒரு மீன் வரட்டும், கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

மூன்று கோடு. நாலு. ஐந்து. ஆறாவது கோடு போட்டபோது வலையில் மீன் தெளிவாகக் குறைந்திருந்தது. பெரியவள் இன்னொருமுறை வலையை இழுக்கச் சொன்னாள். இழுத்தார்கள். ஓரங்களைக் காலால் துழாவினாள்.

அறுநூற்று அறுபத்தெட்டு. அதற்குமேல் ஒன்றும் இல்லை. கடிபட்டுச் செத்தவை முப்பத்திரண்டு என்று அவளே தேதி போட்டு எழுதி வைத்திருந்தாள். கூட்டினால் சரியாக எழுநூறு. ஒரு மீன் கூடவும் இல்லை, ஒரு மீன் குறையவும் இல்லை.

டாக்டர் பலகையைத் திருப்பிப் பார்த்தார். "ஆயிரத்து இருநூறுன்னு போட்டிருக்கே. மிச்சம் எங்கம்மா போச்சு?"

பெரியவள் வலையின் முனையை மடிக்கத் தொடங்கினாள். அந்த ஒரு நிமிஷத்துக்குள் சின்னவள் முந்திக்கொண்டாள்.

"நான்தான் பலகையில தப்பா எழுதியிருப்பேன் டாக்டர். எழுநூறுதான் விட்டிருப்போம்."

பெரியவள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். சின்னவள் அவளைப் பார்க்கவில்லை. வலையில் சிக்கிய ஒரு குச்சியை எடுக்கிற மாதிரி குனிந்துகொண்டாள். சந்தேகப்பட்டு நிற்கவைத்த ஆள், எண்ணிய கையோடு பழியையும் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். ஏன் என்று பெரியவளுக்கு விளங்கவில்லை. ஆனால் வெட்கம் விளக்கத்துக்குக் காத்திருக்கவில்லை, பிடறியில் சூடாக ஏறியது.

"இல்ல டாக்டர்," என்றாள். "அவ எழுதினது சரிதான். ஐந்நூறு மீனை நான்தான் எடுத்தேன். பின்னாடி இருக்கு."

பின்பக்கம் போய் நிழல் வலையை விலக்கினார்கள். டாக்டர் பழைய தொட்டிக்குள் கையை விட்டு நாலைந்து மீனை அள்ளினார். வாலை விரித்தார். இன்னும் சிலவற்றை அள்ளினார். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"ஒரு கடி இல்லையேம்மா. பழைய கடிகூட ஆறிப்போச்சு."

உண்மைதான். சின்னத் தொட்டிக்குள் ஐந்நூறும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருந்தன. பெரியவள் அவற்றைத் தினமும் பார்த்தாள், ஆனால் பார்க்கவில்லை. அவள் கண்ணெல்லாம் ஆறாம் தொட்டியில், அதுவும் சின்னவளின் கையில்தான் இருந்தது.

"இங்க எவ்வளவு நெரிசலா இருக்கு, இது கடிக்கல. அங்க விளையாட மைதானம் மாதிரி எடம், அது கடிக்குது. எப்படி டாக்டர்?" என்று கேட்டாள்.

"எடம் இருக்கறதாலதான் கடிக்குது. இந்த மீன்ல ஆம்பளைங்க கொஞ்சம் பெருசானதும் ஆளுக்கு ஒரு எடத்தைப் பிடிச்சுக்கும். தொட்டியில ஆள் கம்மின்னா, பிடிச்ச எடத்தைக் காப்பாத்த முடியும். கிட்ட வர்றவனை வெரட்டிக் கடிக்கும். கூட்டமா இருந்தா எவனைன்னு வெரட்டும்? இந்தப் பக்கம் திரும்பினா ஒருத்தன், அந்தப் பக்கம் திரும்பினா பத்துப் பேர். சரிதான் போன்னு சண்டையை விட்டுட்டுத் தின்னப் போயிடும். நீங்க ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும், மிச்சம் இருக்கற ரவுடிங்களுக்கு எடத்தைப் பெருசு பண்ணிக் கொடுத்திருக்கீங்க."

"அப்ப மூணாம் தொட்டி? நெரிசல்லதானே செத்துது?"

"அதுவும் நிஜம். அளவு மீறிட்டா காத்து பத்தாது, கழிவு தாங்காது, செவுள் போயிடும். அதுக்காகக் கொறைச்சுக்கிட்டே போனா நல்லதுன்னு யார் சொன்னா? ஒவ்வொரு மீனுக்கும் ஒரு அளவு இருக்கு. இதையெல்லாம் திரும்ப ஆறாம் தொட்டியிலயே விடுங்க. பக்கத்துத் தொட்டிங்கள்லேருந்தும் கொஞ்சம் கொண்டுவந்து ரெண்டாயிரத்துக்கு மேல ஏத்துங்க. காத்தையும் தண்ணியையும் மட்டும் விடாம பாருங்க. பத்து நாள்ல ஆறிடும்."

டாக்டர் கைகழுவப் போனார். பெரியவள் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. அவள் போட்டது ஒரு காற்றுக் குழாய். தொட்டியில் இரண்டு ஓடிக்கொண்டிருந்தன. விளிம்பில், குழாய்களுக்கு நடுவே, சின்னவளின் தீவனக் குவளை கவிழ்த்து வைத்திருந்தது.

"நீ... இது உனக்குத் தெரியுமா?"

"மூணு வாரமாத் தெரியும்க்கா. ஆறாம் தொட்டியில தீவனம் மிஞ்சி மிதந்துச்சு. மீன் எங்கயோ போகுதேன்னு தேடினேன்." சின்னவள் தரையைப் பார்த்துப் பேசினாள். "நீங்க மத்தியானம் மட்டும்தான் போட்டீங்க. பத்தல, சாயங்காலம் நான் போட்டேன். மேல வந்து வாயைத் தொறந்துச்சு, அதான் இன்னொரு குழாய் போட்டேன்."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"தனியா வளத்துப் பாக்கறீங்க, தனியாப் போகப் போறீங்கன்னு நெனச்சேன். கேட்டா ஆமான்னு சொல்லிடுவீங்களோன்னு பயம். கேக்காம இருந்தா இன்னும் கொஞ்ச நாள் சேந்து இருக்கலாம்ல."

பெரியவள் அங்கேயே ஒரு குழாய்க் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, அழுதாள். அதில் மறைக்க ஒன்றும் இல்லை. சந்தேகம் இரண்டு பேருக்கும்தான் வந்தது. ஒருத்தி அதை வைத்துக்கொண்டு வேவு பார்த்தாள். இன்னொருத்தி தீவனம் போட்டாள்.

"என்னை மன்னிச்சுடுடி."

"உங்க மேல எனக்குக் கோவம் இருக்கு. நாளைக்கும் இருக்கும்," என்றாள் சின்னவள். "அது போகும்போது போகட்டும். ஆனா நீங்க அவர்கிட்ட போய்ச் சொல்லணும். நான் சொன்னா எடுபடாது. நேத்து 'விட்டியா'ன்னு கேட்டதுக்கு இல்லைன்னேன். 'அப்ப வேற என்ன மறைக்கற'ன்னு கேட்டார். என் மூஞ்சியப் பாத்தாலே அவருக்குத் தெரியும். அதுக்கு நான் பதில் சொல்லல."

"ஏன் சொல்லல? அண்ணி பின்னாடி மீனை ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு சொல்லியிருக்கலாமே."

சின்னவள் கூடையை எடுத்து மீனை அள்ளத் தொடங்கினாள்.

பெரியவள் ஈரப் புடவையை மாற்றிக்கொள்ளக்கூட நிற்கவில்லை. மோட்டார் பட்டறை இரண்டு தெரு தள்ளி. போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். கொழுந்தன் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து இன்னொரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. நின்றபடியே முழுசாகச் சொன்னாள். தான் மீனை எடுத்தது, ஒளித்தது, எண்ணியது, சின்னவள் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டது, மூன்று வாரம் தீவனம் போட்டது. ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை, தனக்குச் சாதகமாக எதையும் திருப்பவில்லை.

"அவ மறைச்சது என்னைத்தான் தம்பி. வேற எதையும் இல்ல."

அவன் கையிலிருந்த கம்பி மெல்லத் தளர்ந்து சுருள் சுருளாக மடியில் விழுந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

"நேத்து கேட்டதோட விடல அண்ணி," என்றான். "காலையில, அவ எந்திரிக்கறதுக்கு முன்னாடி, பண்ணைக்காரருக்கு போன் பண்ணேன். நீங்க எத்தனை குஞ்சு கொடுத்தீங்கன்னு கேட்டேன். அவ முன்னாடி வேலை பாத்த பண்ணைக்கும் போன் போட்டு அந்தப் பழைய விஷயத்தையும் கேட்டேன். நிஜமாவே கோப்பைத் தப்புதானா, இல்ல இவ அள்ளிக் கொடுத்தாளான்னு. போனை வெச்சுட்டுத் திரும்பினா, பின்னாடி நின்னுக்கிட்டு இருந்தா."

காலையில் கண் வீங்கி வந்து நின்றவள் இதைச் சொல்லவே இல்லை. 'கேட்டார்' என்றுதான் சொன்னாள். அதையும் பாதி மறைத்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

"போய் அவகிட்ட பேசு தம்பி. இப்பவே போ. ஷெட்லதான் இருக்கா."

அவன் எழுந்தான். கையைத் துணியில் துடைத்தான், துடைத்த கையையே மறுபடி துடைத்தான். வாசல்வரை போய்விட்டுத் திரும்பினான்.

"என்னன்னு பேசறது அண்ணி?"

பெரியவள் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது தன் பங்கை மட்டும்தான். தன் தப்பை வந்து சொல்லிவிட்டாள், அது முடிந்தது. அவள் கிளப்பிய சந்தேகத்தால் அவன் செய்த தப்பை எந்த வார்த்தையால் திரும்ப வாங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் துடைத்துப் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.